சீனிச்சாமியைத் தேடினால் முதலில் வருவது

கியூசி சகாயராஜ் என்றால் திருப்பூரில் நாலு கம்பெனிக்காரர்களுக்குத் தெரியும். அவரிடமே யாரென்று கேட்டால் 'பதிவர் சகாயராஜ்' என்பார். அப்படியென்றால் என்ன என்று யாராவது கேட்டுவிட்டால், ரிப் துணிக்கும் ஜெர்சி துணிக்கும் வித்தியாசம் தெரியாமல் பனியன் கம்பெனி வைக்க வந்தவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். வலைப்பூ எழுதுகிறவர் என்று பொருள். முகநூலும் ரீல்ஸும் வந்து இறங்குவதற்கு முன்னால், இணையத்தில் தனக்கென்று ஒரு பக்கம் திறந்து, பத்தி பத்தியாக எழுதி, யாராவது வந்து படிக்கமாட்டார்களா என்று ஆட்கள் காத்துக்கிடந்த காலம் ஒன்று இருந்தது. மற்றவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போய்ப் பத்து வருஷம் ஆகிறது. சகாயராஜ் மட்டும் ஷட்டரை இறக்கவில்லை.

சொந்த ஊர் ஓட்டப்பிடாரம் பக்கம். பத்தொன்பது வயதில் செக்கிங் வேலைக்கு வந்தவர். தைத்து முடிந்த சட்டையை மேஜையில் விரித்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே ஊசி ஓட்டை என்று பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். தரம் பார்க்கிற இந்த வேலையைத்தான் கியூசி என்பார்கள்; இருபத்தெட்டு வருஷமாக இதே பிழைப்பு. சரியாகத் தைத்த சட்டையை அவர் கண் நின்று பார்த்ததே இல்லை. வேலை முடிந்து வரும்போது அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் நாலு பேருக்கு நல்லதாகப் போயிருக்கும். அவர் அதை வலைப்பூவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். 'அம்பு ஸ்டிக்கர்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். சபையில் ஜெபம் நீளுவதிலிருந்து பஸ் ஸ்டாண்டில் பரோட்டா சுருங்குவது வரை எல்லாவற்றின் மேலும் ஒட்டினார்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. நாளைக்கு முந்நூறு பேர் வந்து படித்தார்கள். ஈரோட்டில் பதிவர் சந்திப்பு நடந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் ஓடிவந்து, 'நீங்கதான் அம்பு ஸ்டிக்கருங்களா?' என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் குலுக்கலின் மிதப்பு சகாயராஜுக்கு இன்றுவரை இறங்கவில்லை. பிறகு எல்லோரும் முகநூலுக்குப் போனார்கள், அங்கிருந்து ரீல்ஸுக்குப் போனார்கள். முந்நூறு பதினொன்றாகச் சுருங்கியது. அந்தப் பதினொன்றிலும் ஏழெட்டு மனிதர்களே இல்லை, இணையத்தில் சும்மா சுற்றித் திரியும் இயந்திரங்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"ஸ்டேட்டஸ் வைக்கான், ரீல்ஸ் போடுதான், நாளைக்கு விடிஞ்சா அது எங்கன்னு அவனுக்கே தெரியாது. நான் எழுதுனது அப்படியா? பத்து வருசம் கழிச்சுத் தேடுனாலும் நிக்கும். கல்வெட்டுல்லா!" டீக்கடையில் இதைச் சொல்லாத வாரம் கிடையாது. கூடவே வேலை பார்க்கும் ஜெபக்குமார் இன்ஸ்டாவில் துதிப்பாடல் பாடிப் போட்டு ஒன்பதாயிரம் பேரைச் சேர்த்து வைத்திருந்தான். அவனைப் பார்த்தாலே சகாயராஜுக்கு உதடு ஒருபக்கமாக வளையும்.

அவர் சொன்னது முழுக்க உண்மை என்பதுதான் இதில் அசிங்கம்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். பெயர் அபிராமி, கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடும் வேலை பார்க்கிறாள் என்று சொல்லிக்கொண்டாள். பிறகு, "கட்டிங் மாஸ்டர் சீனிச்சாமி மக" என்றாள்.

சகாயராஜ் அவசரமாகக் கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொன்னார். அவள் வரவில்லை. போனை நீட்டினாள்.

"எங்கப்பா பேரையும் கட்டிங் மாஸ்டர்ங்கிறதையும் போட்டுத் தேடுனா, மொதல்ல வர்றது நீங்க எழுதுனதுதான் சார். பத்து வருசமா எந்தக் கம்பெனிக்குப் போனாலும் சொல்லி அனுப்புறோம்னுதான் சொல்வாங்க. ஏன்னே எங்களுக்குத் தெரியல. போன மாசம் ஒரு எச்.ஆர். அக்காதான் எடுத்துக் காட்டுனாங்க. அதுவரைக்கும் எங்கப்பா, நேரம் சரியில்லன்னு கோயில் கோயிலாப் போய்க்கிட்டிருந்தாரு."

போனில் இருந்தது சகாயராஜின் சொந்தக் கைவண்ணம். 2014இல் எழுதியது. தலைப்பு: 'சீனிச்சாமி என்னும் குருட்டுக் கத்தரி'.

அந்தக் கதை இதுதான். சாயப் பட்டறையிலிருந்து துணி ரோல் ரோலாக வரும். ஒரே நிறம்தான் என்றாலும் ஒவ்வொரு தடவை சாயம் ஏற்றும்போதும் மயிரிழை மாறும். அதனால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு லாட் நம்பர் ஒட்டுவார்கள். இரண்டு லாட்டைக் கலந்து வெட்டிவிட்டால் சட்டையின் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம் ஆகிவிடும். டியூப்லைட் வெளிச்சத்தில் தெரியாது, வெயிலில் பல்லிளிக்கும். மகுடேஸ்வரன் என்ற முதலாளியின் கம்பெனியில் அப்படிப் பன்னிரண்டாயிரம் சட்டை பல்லிளித்தது. வெளிநாட்டுக்காரன் திருப்பிவிட்டான். வெட்டியவர் சீனிச்சாமி என்பதால் அன்றைக்கே அவரை வெளியே அனுப்பினார்கள். அங்கே கியூசியாக இருந்த சகாயராஜ் அன்று மாலையே உட்கார்ந்து எழுதினார். உசிலம்பட்டியிலிருந்து ஆடு மேய்க்க வேண்டியவரெல்லாம் திருப்பூருக்குக் கத்தரி பிடிக்க வந்தால் இப்படித்தான் என்று ஆரம்பித்து, ஒரு பக்கத்துக்குக் கிழித்தார். சீனிச்சாமி மேஜைக்குப் பக்கத்தில் நிற்கும் போட்டோவையும் போட்டார். எழுபத்திரண்டு பின்னூட்டம் வந்தது. அவர் எழுதியதிலேயே அதிகம் படிக்கப்பட்டது அதுதான்.

ஒரு சின்ன விஷயம். தொழிலாளியின் பெயரை முழுசாக, ஊரோடு, முகத்தோடு போட்ட அந்த அஞ்சாநெஞ்சர், கம்பெனியை மட்டும் 'ஒரு நிறுவனம்' என்று எழுதியிருந்தார். மாதாமாதம் சம்பளம் அங்கேதான் வந்துகொண்டிருந்தது.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. 2018இல் சபையில் அசன விருந்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த ஜெபக்குமார், சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு சேதி சொன்னான். அந்தக் காலத்தில் அவன் மகுடேஸ்வரனின் துணி ஸ்டோரில் இருந்தவன். ஷிப்மெண்டுக்கு நாள் நெருங்கிவிட்டதால், இரண்டாவது லாட்டின் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு முதல் லாட் நம்பரையே எல்லா ரோலிலும் ஒட்டச் சொன்னது முதலாளியேதான். சீனிச்சாமிக்கு வந்த ரோல் எல்லாம் ஒரே நம்பர். அவர் வெட்டினார், அவ்வளவுதான்.

சகாயராஜ் அன்று பாயசம் குடிக்காமல் எழுந்து வந்தார். அதுதான் அவர் செய்த பிராயச்சித்தம். பக்கத்தை அழித்துவிடலாமா என்று யோசித்தார். ஆனால் எழுதியதை அழிக்கிறவன் பதிவரா? அது ஸ்டேட்டஸ் வைக்கிறவன் புத்தி அல்லவா? கீழே நாலு வரி திருத்தம் போடலாம்தான். போட்டால் அம்பு ஸ்டிக்கர் தப்பான இடத்தில் ஒட்டியதாக ஆகிவிடுமே. அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தார். அந்த அப்புறம் ஏழு வருஷம் நீண்டது. அந்த ஏழு வருஷமும் ஒரு மனிதன் சாமி சாமியாகக் கும்பிட்டுத் திரிந்திருக்கிறான். சகாயராஜ் பரோட்டாவின் விட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்.

"பொங்கலூர்ல ஒரு கம்பெனியில ஒண்ணாந்தேதி வந்து சேரச் சொல்லியிருக்காங்க சார். அவங்க பழைய ஆளுங்க, இதையெல்லாம் தேடிப் பாக்கமாட்டாங்கன்னு நெனைக்கிறேன். அதுக்குள்ள அழிச்சிருங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் அபிராமி.

"இன்னைக்கே அழிச்சிருதேன்மா" என்றார் சகாயராஜ். அந்த நேரத்தில் அதை மனதாரத்தான் சொன்னார்.

முடியவில்லை. வலைப்பூவைப் பத்து வருஷமாக ஒரே லேப்டாப்பில் திறந்தே வைத்திருந்தவர். அது முந்தின வாரம்தான் செத்துப்போயிருந்தது. பாஸ்வேர்டு நினைவில்லை. வேறு கம்ப்யூட்டரில் முயன்றால், பதிவு செய்த போன் நம்பருக்கு ஒரு குறியீடு அனுப்புகிறோம், அதைச் சொல் என்றது. பதிவு செய்த நம்பர் எது என்று பார்த்தார். மகுடேஸ்வரன் கம்பெனியில் இருந்தபோது அவர்கள் கொடுத்த சிம்; அந்த வேலையை விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

இந்த ஊரில் அது ஒரு வழக்கம். வேலையில் சேர்ந்ததும் கம்பெனி சிம் ஒன்று கையில் வரும். சரக்கு வாங்கும் பையர், பட்டறை, டெம்போக்காரர் எல்லோரும் அந்த நம்பரில்தான் கூப்பிடுவார்கள். வேலையை விட்டால் நாற்காலியோடு நம்பரையும் விட்டுவிட்டு வரவேண்டும். அடுத்து உட்காருகிறவருக்கு அது போகும். இதைத் தெரிந்துகொண்டே, சொந்த நம்பர் ஒன்று பையில் இருக்கும்போதே, ரீசார்ஜ் கம்பெனி செலவு என்ற ஒரே காரணத்துக்காகத் தன் கல்வெட்டின் சாவியைக் கம்பெனி சிம்மில் கட்டித் தொங்கவிட்டிருந்தார் நம் பதிவர்.

அந்த நம்பர் இப்போது ஆர்டர்களைக் கவனிக்கும் நித்யஸ்ரீ என்ற மெர்ச்சண்டைசரிடம் இருந்தது. போனில் நல்லபடியாகப் பேசினாள். "நேர்ல வாங்க சார், கோடு வந்தா சொல்லீர்றனுங்க. அண்ணாகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும், அவ்வளவுதானுங்க" என்றாள். அண்ணா என்றது மகுடேஸ்வரனை.

மகுடேஸ்வரனின் அறையில் இப்போது மேஜைக்கு எதிரே வட்டமாக ஒரு விளக்கு நின்றது. வாரம் இரண்டு தடவை அதன்முன் உட்கார்ந்து, உழைப்பால் உயர்ந்த வரலாற்றை ஒரு நிமிஷ ரீல்ஸாகப் பேசிக்கொண்டிருந்தார். காங்கேயத்தில் எழுபது ஏக்கர் தோப்பில் ஆரம்பித்த உழைப்பு.

"வாங்க சகாயம், ஊட்ல எல்லாரும் சௌக்கியங்ளா? டீ சொல்லட்டுங்ளா?" விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "பிளாக்குங்ளா? அதெல்லாம் இன்னும் இருக்குதுங்ளா? யாருங்க படிக்கறாங்க? நானெல்லாம் பாருங்க, காலைல ஒண்ணு போட்டா சாயங்காலத்துக்குள்ள அறுபதாயிரம் பேரு பாத்தர்றாங்க. காலத்துக்குத் தக்கன மாறோணுமுங்க."

சகாயராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு தன் போனில் பட்டனை அழுத்தினார். நித்யஸ்ரீயின் கையிலிருந்த போன் 'டிங்' என்றது. "வந்துருச்சுங்க சார். நாலு, ஏழு, ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"இரு கண்ணு" என்றார் மகுடேஸ்வரன். "என்னத்தைங்க அழிக்கப் போறீங்க? நானும்தான் பாக்கறனே."

காட்டாமல் இருக்க முடியவில்லை. காட்டினார். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். 'அம்பு ஸ்டிக்கரை' அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு மரியாதையாக ஒருவர் படித்துப் பல வருஷம் ஆகியிருக்கும். படித்து முடித்தபோது முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

"இதை எதுக்குங்க அழிக்கோணும்? நல்லாத்தானுங்க எழுதியிருக்கறீங்க. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கறீங்க. இருந்துட்டுப் போகுதுங்க."

"சார், அது நடந்தபடி இல்லன்னு உங்களுக்கே..."

"டீயக் குடியுங்க, ஆறீரப் போகுது" என்றார் மகுடேஸ்வரன். கையை நீட்டினார். நித்யஸ்ரீ ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுப் போனை அந்தக் கையில் வைத்தாள். அவர் அதை மேஜை இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினார். வலைப்பூ செத்துவிட்டது என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சிரித்த மனிதர், அதில் ஒரு பக்கம் மட்டும் சாகாமல் பார்த்துக்கொள்ள முடிவு செய்துவிட்டார். பத்து நிமிஷத்தில் அந்தக் குறியீடு காலாவதியானது. அதுவரை சகாயராஜ் டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து கத்தியிருக்கலாம், கத்தவில்லை. அவர் இப்போது வேலை பார்க்கும் யூனிட்டுக்குப் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்கில் பாதி மகுடேஸ்வரனிடமிருந்துதான் வருகிறது.

இணையத்தில் புகார் படிவம் ஒன்றை நிரப்பினார். நீங்கள்தான் உரிமையாளர் என்பதை உறுதிசெய்ய முடியவில்லை என்று பதில் வந்தது. புதிதாக ஒரு வலைப்பூ திறந்து, 'சீனிச்சாமி குற்றமற்றவர்' என்று எழுதினார். இரண்டு நாள் கழித்துத் தேடிப் பார்த்தார். பழைய பக்கம் முதலாவதாக நின்றது. புதியது எங்கேயும் இல்லை. பழசுக்குப் பத்து வருஷத்து வேர் இருந்தது.

அபிராமியிடம் போனில் சொன்னபோது, "சரி விடுங்க சார். பொங்கலூர்க்காரங்க தேடமாட்டாங்க. நீங்க எதுவும் செய்யாம இருந்தாலே போதும்" என்றாள்.

எதுவும் செய்யாமல் இருப்பதில் ஏழு வருஷத் தேர்ச்சி உள்ளவர் அந்த ஒருதடவை மட்டும் சும்மா இருந்து தொலைத்திருக்கலாம். ஆனால் மனச்சாட்சி உறுத்துகிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கூடவே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒன்று செய்யவேண்டும் என்றும் தோன்றியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜெபக்குமாரைத் தேடிப் போனார். "ஏல, ஒரு வீடியோ எடுக்கணும்" என்றார். இத்தனை வருஷம் உதட்டை வளைத்த மனிதர் வாயிலிருந்து இது வந்ததும் ஜெபக்குமார் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டான்.

துணி ரோல்களுக்கு முன்னால் நின்று பேசினார். நாலு தடவை எடுத்தார்கள். முதல் மூன்று தடவையும் பேச்சில் தப்பில்லை; குரல் உடைய வேண்டிய இடத்தில் உடையவில்லை, அதுதான் குறை. நாலாவதில் நன்றாக உடைந்தது. "சீனிச்சாமிங்கிற ஒரு நல்ல மனுசனப் பத்தி 'குருட்டுக் கத்தரி'ன்னு நான் எழுதுனேன். அது பொய். ஒரு நிறுவனம் செஞ்ச தப்பை அவர் தலையில தூக்கி வச்சேன். எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கேன்." இந்தத் தடவையும் அது ஒரு நிறுவனமாகவே இருந்தது.

ஜெபக்குமார் சோகமாக ஒரு வயலினைச் சேர்த்துப் போட்டான். மூன்று நாளில் நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். 'மன்னிப்புக் கேக்கப் பெரிய மனசு வேணும் சார்', 'மனிதருள் மாணிக்கம்', 'கண்ணு கலங்கிருச்சு' என்று கீழே இதயமும் கும்பிடுமாகக் குவிந்தது. மகுடேஸ்வரனும் வந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். சீனிச்சாமி யார், இப்போது என்ன செய்கிறார், சாப்பிட்டாரா என்று நாலு லட்சத்தில் ஒருவரும் கேட்கவில்லை. சகாயராஜ் டீக்கடையில் ஒவ்வொன்றாகப் படித்தார். படித்துவிட்டு அபிராமியைக் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை.

ஒன்றாம் தேதி கழிந்து நாலாம் நாள் அவளே வந்தாள். இந்தத் தடவையும் வாசலிலேயே நின்று போனை நீட்டினாள்.

ரீல்ஸைப் பார்த்தவர்கள், அப்படி என்னதான் எழுதியிருந்தார் என்று தேடியிருக்கிறார்கள். சீனிச்சாமி என்று பாதி அடிப்பதற்குள் 'குருட்டுக் கத்தரி' என்று தேடுபொறியே எடுத்துக் கொடுத்தது. பழைய பக்கத்தின் அடியில் சகாயராஜே வைத்திருந்த பார்வையாளர் கணக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் நெஞ்சு ஒரு குதி குதித்தது. இரண்டு லட்சம் பேர் படித்திருக்கிறார்கள்! ஒரு நொடிதான். உடனே தன்மேலேயே காறித் துப்பவேண்டும்போல வந்தது. அவர் வாழ்க்கையில் சரியான இடத்தில் வந்த முதல் வெறுப்பு அதுதான்.

"பொங்கலூர் கம்பெனி போர்மேன் வீடியோவைப் பாத்துட்டாரு" என்றாள் அபிராமி. "தப்பே இல்லன்னாலும் பேர் அடிபட்ட ஆளு, பையருக்குத் தெரிஞ்சா வம்புன்னு முதலாளி சொல்லிட்டாராம். எங்கப்பா டிபன் பாக்ஸோட போயிட்டுத் திரும்பி வந்தாரு." அவள் அழவில்லை. சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை சகாயராஜ் அனுப்பர்பாளையத்துக்குப் போனார். லைன் வீட்டில் மூன்றாவது கதவு. சீனிச்சாமி பனியனோடு உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. சகாயராஜைப் பார்த்ததும் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். அது சகாயராஜுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மொத எழுதுனப்ப எனக்குத் தெரியவே தெரியாது தம்பி" என்றார் சீனிச்சாமி. "எம்மேல என்னமோ கெரகம்னு கெடந்தேன். அதுகூடப் பரவால்ல. இப்ப டீக்கடைக்குப் போனா, வீடியோவுல சொன்ன சீனிச்சாமி நீங்கதானான்னு கேக்குறான். ஒருத்தன் எங்கூட நின்னு போட்டோ எடுக்கணுங்கிறான்."

வயலின் இல்லாமலே சகாயராஜின் குரல் உடைந்தது. "மன்னிச்சிருங்கண்ணே. நான் மறுபடியும் தெளிவா ஒண்ணு போடுதேன். இந்தத் தடவ மகுடேஸ்வரன் பேரையும் போட்டு, கம்பெனி பேரையும் போட்டு, நடந்தது எல்லாத்தையும்..."

சீனிச்சாமி ஊசியைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். எட்டு வயது மூத்தவர்.

"வேணாம் தம்பி. ஒனக்குப் புண்ணியமாப் போகும். என்னையப் பத்தி நல்லதாக்கூட எழுதாத."